பின் சக்கரத்தில் ஒரு சத்தம்

வெல்டர் கட்டிங் மெஷினின் பிளக்கைச் சுவரில் செருகினார். ஊசியம்மா அதைப் பிடுங்கினாள்.

பிடுங்கிய பிளக் அவள் கையிலேயே இருந்தது. எதிர்வீட்டு வெல்டர், மெஷினைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். அவருக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. போன மாதம்தான் அவருடைய தாயாருக்கு வலி தெரியாமல் ரத்தம் எடுத்துக் கொடுத்தவள். வீடு வீடாக சைக்கிளில் போய் ரத்தம் எடுப்பது அவள் வேலை. அந்தத் தெருவில் யாருக்கும் அவள் வேறு பெயரில் பழக்கமில்லை.

“அண்ணி, வேற வழி இல்லை” என்றான் கொழுந்தன்.

அவன் சொன்னதில் தப்பில்லை. பின்னறையில் அவள் கணவர் பெட்டிக்குள் படுத்திருந்தார். வாசலில் வண்டி நின்றது. இரண்டுக்கும் நடுவே ஒடுக்கமான ஒரு நடை. அந்த நடையின் பாதியில், சுவரோடு சேர்த்து இறுக்கிய இரும்புத் தூணிலிருந்து மார்பு உயரத்தில் ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது. சைக்கிள் ரிப்பேருக்கு அவரே செய்த ஸ்டாண்டு. சைக்கிள் மாட்டாதபோதுதான் அந்தக் கை சுவரோடு மடங்கும். அதன் பிடியில் ஊசியம்மாவின் சைக்கிள், பின் சக்கரம் கழற்றப்பட்டு அந்தரத்தில் தொங்கியது.

ஆள் ஒருக்களித்துப் போகலாம். விடிகாலையில் டாக்டர் அப்படித்தான் உள்ளே போனார். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அப்படியேதான் வெளியே வந்தார். காலிப் பெட்டியை நெட்டுக்குத்தாக நிறுத்தி எப்படியோ கொண்டுபோய்விட்டார்கள். கொழுந்தன் இப்போதும், கொஞ்சம் சாய்த்தால் போய்விடும் என்று ஆரம்பித்தான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் பேச்சை விழுங்கிக்கொண்டான்.

பிடியைத் திருகித் திறக்காமலா இருந்தார்கள்? கொழுந்தன் பஸ் ஓட்டுகிறவன். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை. ஸ்பானர் போட்டு மூச்சுப் பிடித்துத் திருகினான். வெல்டர் எண்ணெய் விட்டுத் திருகினார். திருகத் திருக இறுகியதே தவிர அசையவில்லை. கடைசியில் ஸ்டாண்டின் கையை வெட்டிவிடலாம், அஞ்சு நிமிஷ வேலை என்று முடிவானது.

“அண்ணன் இருந்தா அவரே வெட்டுன்னுதான் சொல்வார்” என்றான் கொழுந்தன், தணிந்த குரலில்.

“சொல்ல மாட்டார்” என்றாள் அவள்.

அந்த ஸ்டாண்டு பிறந்த கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ரெடிமேடாக ஒன்று வாங்கலாம் என்று அவளும் அவரும் கடைக்குப் போனார்கள். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தப் பொருளையும் ஆட்டிப் பார்க்காமல் நம்பமாட்டார். முக்காலி மாதிரி விரிகிற ஸ்டாண்டை ஆட்டினார். பின் சக்கரத்தை மட்டும் தூக்கிப் பிடிக்கிற ஸ்டாண்டை ஆட்டினார். கடைக்காரர் முகம் மாறிக்கொண்டே வந்தது. ‘இது நிக்கிற ஸ்டாண்டு இல்ல, விழறதுக்கு நேரம் பாத்துக்கிட்டு இருக்கிற ஸ்டாண்டு’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். அவளுக்கு மானம் போனது. மடக்குகிற மாதிரி வாங்கினால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாமே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. உடைந்த இரும்புக் கட்டிலின் காலைத் தூணாக்கி, பழைய சைக்கிள் ஒன்றின் இடது பெடல் அச்சைப் பிடிக்குத் திருகாணியாக்கி, தானே ஒன்றைச் செய்து முடித்தார்.

அதை வைக்கிற இடத்துக்கு ஒரு சண்டை. பின்கட்டில் வேண்டிய மட்டும் இடம் இருக்கிறதே என்றாள். அங்கே வெளிச்சம் போதாது என்றார். நாள் முழுக்க வெயில் காய்கிற பின்கட்டு! சமையலறை வாசலுக்கு நேர் எதிரே, மத்தியானத்திலும் லைட் போடவேண்டிய நடையில் கொண்டுவந்து இறுக்கிவிட்டார். ‘வீடா, பட்டறையா’ என்று அவள் கேட்காத நாள் குறைவு.

மகள் பின்னறையிலிருந்து எழுந்து வந்தாள். காலை பஸ்ஸில் வந்து இறங்கியவள். அழுது முகம் வீங்கியிருந்தது. சைக்கிளைப் பார்த்தாள்.

“ஏம்மா, அப்பா எதுக்கு வீலைக் கழட்டினார்?”

“சத்தம் வருதுன்னு.”

சொல்லிவிட்டு ஊசியம்மா பிளக்கைக் கை மாற்றிக்கொண்டாள்.

சத்தமே வரவில்லை.

சைக்கிள் நன்றாகத்தான் ஓடியது. மூன்று வாரமாக ஒரு குறையும் இல்லை. குறை இல்லாவிட்டால் அவர் முன்னறையில் நாற்காலியில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போவார். ஸ்டாண்டில் சைக்கிள் ஏறினால்தான் நடையில் நிற்பார். அவள் அடுப்படியில் நிற்பாள். அவர் ஸ்போக்கைத் தட்டிக்கொண்டே லிஃப்டில் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை வீட்டாரின் கதையைச் சொல்வார். அவள் அன்றைக்குப் பார்த்த வீடுகளைப் பற்றி, ஊசியைக் கண்டதும் மயங்கி விழுந்த போலீஸ்காரரைப் பற்றிச் சொல்வாள். நேருக்கு நேர் உட்கார்ந்தால் அவர்களுக்குப் பேச்சு வராது. இப்படி ஆளுக்கொரு வேலையில் கை இருந்தால் சோறு வேகிறவரைக்கும் வரும்.

அதனால்தான் நேற்றுச் சாயங்காலம், பையைக்கூட இறக்கிவைக்காமல், பின் சக்கரத்தில் என்னமோ சத்தம் வருகிறது என்றாள். இப்படிச் சொல்வது முதல் தடவையும் அல்ல.

அவர் எழுந்து வந்தார். சைக்கிளை ஏற்றி மாட்டினார். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கண்ணை மூடி, காதை அச்சுப் பக்கம் கொண்டுபோனார். நெடுநேரம் கேட்டார்.

“ஆமா, லேசா வருது” என்றார்.

பிறகு சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அடுப்படியைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

கீழே நின்றபடியே, பத்தாவது மாடி உச்சியில் லிஃப்டின் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்கிற காது அது.

ஊசியம்மா இப்போது பிளக்கைத் தரையில் வைத்துவிட்டு, சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். மகள் பயந்துபோய்த் தோளைத் தொட்டாள். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள்.

வண்டிக்காரர் வாசலில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மயானத்திலும் நேரம் கொடுத்திருக்கிறார்கள், தாமதமானால் இன்னொருவர் முந்திக்கொள்வார் என்று கொழுந்தன் மகளிடம் முணுமுணுத்தான்.

ஊசியம்மா ஸ்டாண்டின் அருகில் போனாள். திருகாணியின் பிடியில் கை வைத்தாள். அவர் இதைத் திறக்கிறபோது எப்படி நிற்பார்? இடது கை சீட்டுக்கு அடியில். வலது கை இங்கே. மணிக்கட்டு எந்தப் பக்கம் போகும்? எத்தனை சாயங்காலம் தாளித்துக்கொண்டே பார்த்திருக்கிறாள். தண்ணீர்க் குழாயை மூடுகிற மாதிரி திருகுவார், சைக்கிள் இறங்கிவிடும். மூடுகிறாரே, எப்படித் திறக்கிறது என்று ஒருநாள் நினைத்தும் இருக்கிறாள். கேட்கத்தான் இல்லை.

“அண்ணி, அது இறுக்குற பக்கம்.”

“நீ சைக்கிளைப் பிடி.”

குழாயை மூடுகிற மாதிரி திருகினாள். நகரவில்லை. இவ்வளவு நேரமும் இறுக்கியவன் பஸ்காரன் அல்லவா? இரண்டு கையையும் போட்டு, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்தாள். ‘கிறீச்’ என்று ஒரு முனகல். பிறகு வெண்ணெயாகச் சுழன்றது.

வெல்டர் குனிந்து புரியைப் பார்த்தார். “எதிர்ப்புரி. மூடுற பக்கம் திருகினாத்தான் கழலும். இடது பெடலுக்கு அப்படித்தான் இருக்கும். எனக்கே தோணலையேம்மா” என்றார்.

பிடி விட்டதும் சைக்கிள் அவள் தோளில் சாய்ந்தது. ஒரு பக்கம் பிடித்திருந்த கொழுந்தன் முழுதும் வாங்கிக்கொள்ளப் பார்த்தான். அவள் கொடுக்கவில்லை. வெறுமையான ஸ்டாண்டின் கையை வெல்டர் சுவரோடு மடக்கினார். நடை திறந்துகொண்டது.

முதலில் சைக்கிளோடு அவள்தான் வெளியே வந்தாள். வாசல் ஓரமாக ஒதுங்கி நின்றாள். பின்னாலேயே அவரைக் கொண்டுவந்தார்கள். சாய்க்காமல், அலுங்காமல், நேராக. மகள் பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி கூடவே நடந்தாள்.

“அதைக் கீழ படுக்கப் போட்டுட்டு வாங்க அண்ணி” என்றான் கொழுந்தன். “கடைசியா ஒரு தடவை முகத்தைப் பாத்துக்குங்க.”

“செயின்ல மண்ணு ஏறும்” என்றாள்.

அவர்கள் அவளுக்காகப் பெட்டியை அவள் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவள் பார்த்தாள். ஒரு கை ஹேண்டில்பாரில் இருந்தது. இன்னொரு கையால் சீட்டுக்கு அடியில் பிடித்து, சக்கரம் இல்லாத பின்பக்கத்தைத் தரையில் படாமல் தூக்கி வைத்திருந்தாள். கை தாழ ஆரம்பித்தபோது, இடுப்பை முட்டுக்கொடுத்து, இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டாள்.