பத்துக்கு ஒன்றரை

ரெஃபரிக்குக் கால்பந்தில் தெரியாதது எதுவுமே கிடையாது. விளையாடத் தெரியாது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு தடவை பந்தை உதைக்கப் போய், பந்து நின்ற இடத்திலேயே நிற்க, செருப்பு மட்டும் கோலுக்குள் போய் விழுந்தது. அன்றைக்குக் காலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வாயைத் திறந்தவர், நாற்பத்தைந்து வயதாகியும் இன்னும் மூடவில்லை.

பிழைப்பு என்னவோ மெக்கானிக் வேலை. கடைகளில் இருக்கும் ஃப்ரீஸர் ரூம்களைப் பழுது பார்க்கிற கம்பெனியில் பதினாறு வருடம். ஆனால் அவர் உயிரோடு இருப்பது ஞாயிற்றுக்கிழமை காலையில்தான். ஊர் அணியின் ரசிகர்கள் நாலாயிரம் பேர் இருக்கும் ஃபோன் குழுவில், முந்தைய நாள் ஆட்டத்தைப் பற்றிக் குரலில் பதிவு செய்து, ரெஃபரி என்கிற பட்டப்பெயரில் போடுவார். "ரெஃபரி பேசுறேன். பத்துக்கு எத்தனை, பார்த்துடலாமா?" என்று ஆரம்பித்தால் யாரும் தப்ப முடியாது.

கோல்கீப்பரா? "பந்து வர்ற வழியில நிக்கக்கூடாதுன்னு வீட்டுல சொல்லி வளர்த்திருக்காங்க போல. மரியாதையா ஒதுங்கி வழி விடறாரு. மூணு." நடுவில் ஆடும் கேப்டனுக்கு அவர் வைத்த பெயர் மேஸ்திரி. "கையை நீட்டி நீட்டி மத்தவங்களை வேலை வாங்குறாரு. தான் ஒரு செங்கல்லைத் தொட மாட்டாரு. நாலு." இடது ஓரத்தில் ஓடுகிறவன் குதிரை. "ஓட்டத்துக்குப் பத்து, மூளைக்குப் பூஜ்யம். கூட்டி வகுத்தா அஞ்சு."

கோச்சைப் பற்றிப் பேசும்போதுதான் அவர் குரலுக்கே ஒரு தனிக் களை வரும். வெயிலோ மழையோ கழுத்தில் மப்ளர் இல்லாமல் அந்த மனிதர் மைதானத்துக்கு வந்ததில்லை; அதனால் பெயர் மப்ளர். "எழுபது நிமிஷம் மப்ளரைச் சரி பண்றாரு. மிச்ச நேரம் வாட்ச்சைப் பார்க்கிறாரு. ஆளை மாத்தணும்னு ஞாபகம் வர்றதுக்குள்ள ஜனங்க பஸ் ஏறிப் போயிட்டாங்க." இப்படி இரண்டு வருடம் விடாமல் போட்டதில், போன திங்கட்கிழமை கிளப் மப்ளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ரெஃபரி தானே கோல் அடித்ததுபோல் கூடத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். சத்தம் கேட்டு மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"அந்த மனுஷனுக்கு வேலை போனதுல உங்களுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம்?"

"உனக்கு ஃபுட்பால் தெரியாது."

அத்தோடு பேச்சு முடிந்தது. அவளுக்குக் கால்பந்து தெரியாது என்பது உண்மைதான்.

பதிவின் கடைசிப் பகுதி பர்கருக்கு. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு கடையில் ஒரு பர்கர் சாப்பிடுவது அவர் வழக்கம். பர்கர் கடையும் ஒரு டீம்தான் என்பது அவருடைய கொள்கை. பன் டிஃபென்ஸ். கறி நடுவில் நின்று ஆட்டத்தைத் தாங்குவது. சாஸ் ஃபார்வர்டு, அளவு மீறினால் ஆஃப்சைடு. கல்லுக்கு முன்னால் நிற்கிற சமையல்காரர்தான் கோச். தோற்றால் யாரைக் கேட்பது? கோச்சைத்தான்.

இதெல்லாம் இருக்கட்டும். புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு நடந்ததுதான் கதை.

கம்பெனியிலிருந்து வந்த சீட்டில், "வணிக வளாகம், பின்பக்கச் சந்து, கதவு எண் பதினேழு, ஃப்ரீஸர் ரூம்" என்று மட்டும் இருந்தது. மெக்கானிக்குகளுக்குக் கடைகளைப் பின்பக்கமாகத்தான் தெரியும். முன்னால் கண்ணாடியும் விளக்கும் ஜொலிக்கும். பின்னால் எல்லாக் கடைக்கும் ஒரே சாம்பல் நிறக் கதவு, ஒரே குப்பைத் தொட்டி, ஒரே பூனை. ஒரு மாதத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை இதே கதவுக்கு வந்தது அவருக்கு லேசாக நினைவிருந்தது. கூட்டிப் பெருக்குகிறவர் ஒருவர்தான் கதவைத் திறந்து விட்டார். என்ன கடை என்று அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை.

உள்ளே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். முப்பது வயதுக்குள் ஒரு முதலாளி, கையில் ஃபோன். அவருக்கு எதிரே ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மாள். கழற்றிய ஏப்ரனை நாலாக மடித்து ஒரு பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். பைக்கு வெளியே தட்டைக் கரண்டி ஒன்றின் பிடி நீட்டிக்கொண்டிருந்தது.

"வாங்க, மெக்கானிக்தானே? அதோ ஃப்ரீஸர். ஒண்ணும் இருக்காது. போற நாளாவது அக்கா திருப்திக்கு ஒரு ஆளைக் காட்டிடலாம்னு கூப்பிட்டேன்" என்றார் முதலாளி.

"என் திருப்திக்கு இல்ல தம்பி," என்றாள் அந்த அம்மாள். "கறி தண்ணி விடுதுன்னு மூணு வாரமாச் சொல்றேன். பெட்டியில வெள்ளையாப் பொடி படியுது, வந்து பாருங்கன்னு சொல்றேன். நீங்க கேக்கல. எவனோ ஒருத்தன் ஃபோன்ல பேசினான்னு, ஒன்பது வருஷம் நின்ன என்னைப் போகச் சொல்றீங்க."

"எவனோ ஒருத்தனா? மப்ளரையே தூக்கினவர் அக்கா அவர்! இன்னொரு வாட்டி கேளுங்க, அப்பத்தான் புரியும்."

முதலாளி ஃபோனைத் தட்டினார்.

"ரெஃபரி பேசுறேன்" என்றது ஃபோன்.

ரெஃபரியின் கையிலிருந்த கருவிப் பெட்டி தரையில் இறங்கியது. வைத்தாரா, நழுவியதா என்று அவருக்கே தெரியவில்லை.

"அடுத்து பர்கர். தியேட்டருக்கு எதிர்ல கண்ணாடிக் கதவு வச்ச கடை. வாயில வச்சேன். கறியா, நனைஞ்ச அட்டையான்னு புரியல. கடிச்சாத் தண்ணி வருது! பன்னு ஊறிப் போய், டிஃபென்ஸே இல்லாம நடுவுல பிளந்துடுச்சு. யார் தப்பு? கல்லு முன்னாடி நிக்கிற ஆள் தப்பு. சமையல்ல மனசே இல்ல. மப்ளருக்கு உடன்பிறப்பு போல. ரெட் கார்டு காட்டி வெளிய அனுப்புங்கப்பா. பத்துக்கு ஒண்ணரை. அந்த அரை எதுக்குன்னா, கடையில ஃபேன் நல்லா ஓடுச்சு."

அந்த ஃபேன் வரிக்கு முந்நூறு பேர் சிரித்த முகம் அனுப்பியிருந்தார்கள். அதை அவர் மனைவியிடம்கூட எண்ணிக் காட்டியிருந்தார். இப்போது அந்தச் சமையலறையில் அதே வரியைக் கேட்டபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரெஃபரிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. இந்தக் கதவுக்கு முன்பக்கம்தான் அந்தக் கண்ணாடிக் கதவா? இந்த அக்காவா அந்தக் கோச்? முதலில் அவருக்குத் தோன்றியது வெட்கம்கூட இல்லை, பயம். இதுவரை அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் குரல் காட்டிக் கொடுத்துவிடும். பேச்சிலேயே வாழ்கிற மனிதர், சும்மா ஒரு இருமல் இருமிவிட்டு, கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஃப்ரீஸர் பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.

கதவுக்கு மேல் எண் பலகை மைனஸ் பதினெட்டு என்று காட்டியது. எல்லாம் சரியாக இருக்கிறது, அப்பாடா என்று உள்ளே நுழைந்தார். பெட்டிகளின் மேல் வெள்ளைப் பொடி. ஒரு பெட்டியைத் திறந்தார். வட்ட வட்டமான கறித் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டையாக இருந்தன. பதினாறு வருட அனுபவத்துக்கு இதைப் பார்த்தால் போதும். உருகி, மறுபடி உறைந்து, மறுபடி உருகிய கறி. இதைக் கல்லில் போட்டால் தண்ணீர் விடாமல் என்ன செய்யும்? எந்தச் சமையல்காரரும் ஒன்றும் செய்ய முடியாது. அக்கா சொன்னது அத்தனையும் உண்மை.

எந்த மடையன் இதைப் பார்த்துவிட்டுப் போனான் என்று முணுமுணுத்துக்கொண்டே சுவரிலிருந்த கன்ட்ரோல் பெட்டியின் மூடியைக் கழற்றினார்.

உள்ளே ஒரு வயர் குறுக்கே போட்டிருந்தது. அதன் இரண்டு முனையிலும் டேப் சுற்றியிருந்தது. பச்சை, அதன் மேல் வெள்ளை, அதன் மேல் பச்சை.

கம்பெனியில் எல்லோரும் கறுப்பு டேப் சுற்றுவார்கள். ஊர் அணியின் பச்சை வெள்ளையில் சுற்றுகிறவர் உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான். "என் வேலைன்னு தெரியணும்ல" என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். தெரிந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை முழுசாக நினைவுக்கு வந்தது. நாலு மணிக்கு அரையிறுதி ஆட்டம். மணி மூன்றே கால். ஃப்ரீஸர் குழாய்களில் படியும் ஐஸை உருக்கும் ஹீட்டரை நேரத்துக்கு அணைக்கிற சின்ன சுவிட்ச் பழுது. புதியது வண்டியில் இல்லை. இப்போதைக்கு இருக்கட்டும், திங்கட்கிழமை வந்து மாற்றிவிடலாம் என்று ஒரு வயரைக் குறுக்கே போட்டுவிட்டு, சீட்டில் "முடிந்தது" என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினார். திங்கட்கிழமை மறந்தே போனது. அன்றிலிருந்து பத்து நிமிடத்தில் அணைய வேண்டிய ஹீட்டர், ஒரு நாளைக்கு நாலு தடவை முக்கால் மணி நேரம் கறியை வாட்டிக்கொண்டிருந்தது. முதலாளி வந்து எட்டிப் பார்க்கும் நேரத்துக்குப் பலகை மறுபடி மைனஸ் பதினெட்டுக்கு வந்துவிடும்.

மைனஸ் பதினெட்டில் நின்றுகொண்டிருந்தும் ரெஃபரிக்கு வியர்த்தது. தன் காலே தன்னை இடறிவிட்டதுபோல் சுவரைப் பிடித்துக்கொண்டார். இந்தக் கையா? இந்தக் கைதானா?

புதிய சுவிட்ச் இன்று கருவிப் பெட்டியில் இருந்தது. மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பச்சை வெள்ளை வயரைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டார். இனி எல்லாம் சரி. வெளியே போய் ஒரு தலையாட்டல், ஒரு கையெழுத்து. அக்கா போய்விடுவாள், நாளைக்குப் புது ஆள் வருவார், பர்கர் நன்றாகிவிடும். "ரெஃபரி சொன்னது சரியாப் போச்சு பார்" என்று நாலாயிரம் பேரும் சொல்வார்கள். இந்த யோசனை தன் மண்டைக்குள் இவ்வளவு சுளுவாக வந்து உட்கார்ந்ததுதான் அவரை இன்னும் அதிகமாகத் திடுக்கிட வைத்தது.

வெளியே வந்தார்.

"என்ன, எல்லாம் சரிதானே?" என்றார் முதலாளி.

ரெஃபரியின் தலை பாதி ஆடிவிட்டது.

"தலையை ஆட்டினா எனக்குப் புரியாது சார்," என்றாள் அந்த அம்மாள். பையைத் தோளில் மாட்டியிருந்தாள். "வாயைத் திறந்து சொல்லுங்க. ஃப்ரீஸர் நல்லா இருக்குன்னா, என் கைதான் கெட்டுப் போச்சுன்னு ஒத்துக்கிட்டுப் போறேன்."

அவர் அவள் கையைப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் கல்லில் பட்டுக் காய்த்துப் போயிருந்தது.

"அக்கா கை கெட்டுப் போகல," என்றார் ரெஃபரி. "ஃப்ரீஸர்தான் கெட்டுப் போயிருந்துச்சு. உள்ள இருக்கிற கறி எல்லாம் உருகி உருகி உறைஞ்சது. ஒரு பெட்டி விடாம வெளிய போடணும். போன மாசம் ஒரு மெக்கானிக் வந்து அரைகுறையா விட்டுட்டுப் போயிட்டான்." கருவிப் பெட்டியைக் கீழே வைத்தார். "நான்தான் அது."

முதலாளி ஃபோனைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி ஃபோனைப் பார்த்தார்.

"இந்தக் குரல்... நீங்க... ரெஃபரியா?"

"ஆமாம்."

முதலாளி எண்ணெய் டின் மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "நீங்களே ஃப்ரீஸரைக் கெடுத்துட்டு, நீங்களே பர்கர் சரியில்லன்னு..."

அந்த அம்மாள் கத்துவாள் என்று ரெஃபரி காத்திருந்தார். கத்தியிருந்தால் தேவலை. அவள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்து, ஏதோ கண்காட்சியில் வைத்த பொருளைப் பார்ப்பதுபோல் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நாலாயிரம் பேர் முன்னாடி பேசினீங்க. இப்ப ரெண்டு பேர்கிட்ட சொல்லிட்டாச் சரியாப் போச்சா?"

"மன்னிச்சுடுங்க அக்கா."

"மன்னிப்பு அப்புறம். ஃபோனை எடுங்க."

எடுத்தார். பதிவுப் பொத்தானை அழுத்தினார். "ரெஃபரி பேசுறேன்..."

"அவர் பேச வேண்டாம்," என்றாள் அவள். "மெக்கானிக் பேசட்டும்."

அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். "நான் ஒரு ஃப்ரீஸர் மெக்கானிக் பேசுறேன். தியேட்டருக்கு எதிர்ல இருக்கிற கடையில நான் செஞ்ச வேலைக்கு, பத்துக்கு..."

"மார்க்கும் வேண்டாம். என்ன செஞ்சீங்களோ அதை மட்டும் சொல்லுங்க."

மார்க் போடாமல் பேசிப் பல வருடம் ஆகிவிட்டது. சனிக்கிழமை, சுவிட்ச், வயர், சீட்டில் எழுதிய பொய், அக்கா மூன்று வாரமாகச் சொல்லியும் யாரும் கேட்காதது, எல்லாவற்றையும் தட்டுத் தடுமாறிச் சொன்னார். ஒரு நிமிடம்தான். அனுப்பினார். இது கம்பெனி மேலாளர் காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அதிர்ந்தது. முழுசாகக்கூடக் கேட்காத யாரோ ஒரு ரசிகர் அவசரமாக எழுதியிருந்தார்.

"யாருப்பா இந்த மெக்கானிக்? வேலையில மனசே இல்ல. ரெட் கார்டு காட்டி வெளிய அனுப்புங்க. பத்துக்கு ஒண்ணு."

அதன் கீழே சிரித்த முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. ரெஃபரி நின்ற இடத்திலேயே நின்றார்.

அந்த அம்மாள் எட்டிப் பார்த்துப் படித்தாள்.

"எனக்கு அரை மார்க் கூடவே போட்டீங்க" என்றாள்.

பிறகு பையிலிருந்து ஏப்ரனை எடுத்து உதறி இடுப்பில் கட்டிக்கொண்டாள். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நில்லுங்க தம்பி, அப்புறம் பேசலாம்," என்றவள் ரெஃபரியிடம் திரும்பினாள். "வாங்க சார், ஒரு பக்கம் பிடிங்க. பெட்டி எல்லாம் வெளிய போகணும்."

ரெஃபரி ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு முதல் பெட்டியைத் தூக்கினார். சட்டைப் பையில் அந்தப் பச்சை வெள்ளை வயர் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது.