புது டயர் போட்ட நாள்

சுதர்சினி காருக்கு டயர் மாற்ற மாத்தளைக்கு வந்திருக்கிறாள் என்ற செய்தி, கார் ஜெக்கில் ஏறுவதற்குள் அவள் அக்கா புருஷன் சசிக்குமாரின் காதுக்கு எட்டிவிட்டது. உக்குவளையில் அவனும் டயர் கடைதான் வைத்திருந்தான். வெளிநாட்டில் கழித்துப் போட்ட டயர்களை வாங்கி, தேய்ந்துபோன வரிகளைச் சூட்டுக் கத்தியால் ஆழமாகக் கீறி, கறுப்பு மை பூசி விற்பான். பார்த்தால் புதிது மாதிரியே பளபளக்கும்.

அப்படி ஒரு டயரைத்தான் அவள் புருஷன் நிமலன், சொந்தக்காரன் ஏமாற்றமாட்டான் என்று நம்பிப் போன வருஷம் வாங்கிப் போட்டான். நாவுலையிலிருந்து திரும்பும் வழியில் அது வெடித்து, கார் மதகில் போய் மோதியது. அவன் கால் அன்றோடு சரி. ஊன்றுகோல் இல்லாமல் வாசல்வரைகூட வரமாட்டான். அதற்குப் பிறகு, காரைத் திருத்தி வாடகை ஹயர் ஓடியது சுதர்சினிதான்.

இந்த முறை அவள் மாத்தளையில் இத்ரூஸின் டயர் கடைக்குப் போனாள்.

"நாலும் புதுசா போட இப்ப வசதியில்ல, நானா. மலிவா, ஆனா நம்பி ஓடுற மாதிரி காட்டுங்க" என்று அவரை அண்ணன் முறையில் கேட்டாள்.

"சீனா டயர்லயும் நல்லது இருக்கு, தங்கச்சி. பேரப் பாக்காதீங்க, இந்த நம்பரப் பாருங்க." இத்ரூஸ் டயரின் பக்கவாட்டைத் தடவிக் காட்டினார். "கடசி ரெண்டு இலக்கமும் செஞ்ச வருஷம். பழைய ஸ்டொக்க எவ்வளவு கொறச்சுக் குடுத்தாலும் வாங்காதீங்க. ரெண்ட மட்டும் போடுவோம். பின்னுக்குப் போடுங்க."

"வெடிச்சது முன் டயர்தானே, நானா?"

"மழையில பின் சில்லு வழுக்கினா காரப் பிடிக்க ஏலாது. இருக்கிறதுல நல்ல ரெண்டும் முன்னுக்கு இருக்கட்டும்."

ஒரு டயரைப் பூட்டி முடித்து மற்றதை உருட்டிக்கொண்டு வரும்போதுதான் சசிக்குமாரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அவன் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. இடுப்பிலிருந்து கத்தியை உருவி, இத்ரூஸின் கையிலிருந்த டயரின் பக்கவாட்டில் குத்தி இழுத்தான். ரப்பர் வாயைப் பிளந்தது.

"என்ன தம்பி இது?" என்று இத்ரூஸ் கேட்டு முடிப்பதற்குள் முகத்தில் குத்து விழுந்தது. அவர் சரிந்து, கீழே கிடந்த இரும்பு றிம்மில் வாய் மோத விழுந்தார். விழுந்தவரின் விலாவில் சசிக்குமார் இரண்டு முறை உதைத்தான்.

"விடுங்க அத்தான், அவருக்கும் நம்ம சண்டைக்கும் என்ன சம்பந்தம்?" என்று சுதர்சினி குறுக்கே போனாள்.

அவன் அவள் கூந்தலைச் சுருட்டிப் பிடித்தான். "என் டயர் ஆளக் கொல்லுமுனு ஊரெல்லாம் சொல்றியாமே. இப்ப சொல்லுடி" என்று அவள் தலையைக் கார்க் கதவில் மோதினான். இன்னொரு முறை மோதினான். நெற்றி பிளந்து கண்ணுக்குள் இரத்தம் இறங்கியது. கால் மடங்கி விழுந்தபோது கைக்கு அகப்பட்டது வீல் ஸ்பேனர்.

முதல் அடி கத்தி பிடித்த மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறியும் சத்தம் அவளுக்கே கேட்டது. கத்தி தெறித்து ஓடியது. அடுத்தது முழங்காலில். அவன் அலறிக்கொண்டு விழுந்தான். அவள் நிறுத்தவில்லை. தொடையிலும் தோளிலும் அடித்தாள். தலைக்கு ஓங்கியபோது இத்ரூஸ் இரத்தம் ஒழுகும் வாயோடு தவழ்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும் தங்கச்சி. செத்துருவான். அல்லாவுக்காக விடுங்க."

அவள் ஸ்பேனரைக் கீழே போட்டாள். அடித்தது பயத்தால் மட்டுமல்ல என்று அவளுக்குத் தெரிந்தது. அடிக்க அடிக்க நெஞ்சு குளிர்ந்தது. அதை நினைத்தபோதுதான் வாந்தி வந்தது.

பொலிஸ் வந்து கத்தியை எடுத்துக்கொண்டு, சசிக்குமாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. தெருவில் நின்று பார்த்தவர்கள் நடந்ததை நடந்தபடி சொன்னார்கள். அவர்களில் ஒருவர் பழைய டயரையே திரும்பப் பூட்டி, சுதர்சினியையும் இத்ரூஸையும் அவள் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே அவளுடைய நெற்றிக்குத் தையல் போட்டதும், பொலிஸார் வாக்குமூலம் எழுதிக்கொண்டு, வழக்குக்கு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். "தலைக்கும் ஓங்கினேன், சேர்" என்பதை அவளாகவே சொல்லி எழுதவைத்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அக்கா கிருஷாந்தினி நின்றாள். தங்கச்சியைக் கண்டதும் வந்து, தையல் போட்ட முகம் என்றும் பாராமல் பளீரென்று அறைந்தாள்.

"அவரு கை இனி சரிவராதாம். அந்தக் கைதான்டி என் புள்ளைங்களுக்குச் சோறு போட்டுச்சி."

"அந்தக் கையிலதான்க்கா கத்தி இருந்திச்சி."

அக்கா சேலைத் தலைப்பை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். சுதர்சினி காரை மெல்ல ஓட்டிப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டாள். "ஏறுக்கா. வீட்டுல விடுறேன்."

அக்கா ஏறவில்லை. மழை தூறத் தொடங்கியும் ஏறவில்லை. உக்குவளை பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும்வரை சுதர்சினியும் காரை அங்கிருந்து எடுக்கவில்லை.