ஐந்தில் இரண்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் எழுத உட்கார்ந்தது கதையே இல்லை. லொத்தர் சீட்டைப் பற்றிய கட்டுரை. நாற்பத்தொன்பது எண்களில் ஆறைப் பிடிக்க ஏறக்குறைய ஒரு கோடியே நாற்பது இலட்சம் வழிகள். அதில் ஒன்றுதான் உங்களுடையது, போய் வேலையைப் பாருங்கள் என்று முடிக்க நினைத்திருந்தேன். அந்த இடத்தில் ரெங்கம்மா வந்து நின்றுகொண்டாள்.

2

‘பனி மூடிய மலைச்சரிவில்...’

(சே! பனியைப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு எங்கே நேரம்?)

இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், 2003 மழையில், தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னாலிருந்த மேடு வெடித்துச் சுவரிலும் கீறல் விழுந்தது. எப்போது சரியுமோ தெரியாது. லயத்தில் ஐந்து குடும்பங்கள், பாதுகாப்பான இடத்தில் கட்டி முடிந்தவை இரண்டே வீடுகள். இரண்டில் மட்டும் ‘வீடு’ என்றெழுதி, ஐந்து சீட்டுகளை பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கினார்கள்.

வரிசையில் முதலில் நின்றவள் ரெங்கம்மா. பின்னால் கைக்குழந்தையோடு இராக்கம்மா.

“நீ மொதல்ல எடு தங்கச்சி, புள்ள அழுவுது” என்று ரெங்கம்மா விலகிக்கொண்டாள்.

இராக்கம்மாவின் சீட்டில் ‘வீடு’ என்றிருந்தது. ரெங்கம்மாவுக்கு வெறுந்தாள்.

3

தோட்ட ஆபீஸ் கிளாக்கர் கனகரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர், கணக்குப் படித்தவர். ஆறுதல் சொல்ல வந்தார்.

“முதல் எடுத்தாலும் கடைசியா எடுத்தாலும் வாய்ப்பு ஒண்டுதான், அம்மா. அஞ்சில ரெண்டு.”

“அதெல்லாம் சரிங்க ஐயா. ஆனா அவ கையில இருக்கிறது எஞ்சீட்டு தானுங்களே?”

அவர் பிஸ்கட் டின்னை மூடி எடுத்துக்கொண்டு போனார்.*

கணக்குச் சரியாக இருந்து என்ன, பாவி! ரெங்கம்மாவின் மகள் கௌசிகா அந்தக் கீறல் சுவரோரம்தான் படுக்கிறாள்.

* அவர் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன், சரிதான். ஆனால் முதலில் டின்னுக்குள் கையை விட்டிருந்தால் ரெங்கம்மா அதே சீட்டைத்தான் எடுத்திருப்பாளா? எழுதுகிற எனக்கே தெரியவில்லை.

4

எழுதுபவன் நான்தானே, என்னை யார் கேட்பது? அடித்துவிட்டுத் திருத்தினேன். ரெங்கம்மா முதலில் எடுக்கிறாள், வீடு விழுகிறது, கௌசிகா துள்ளிக் குதிக்கிறாள், இராக்கம்மாவின் குழந்தை அந்தச் சுவரோரம்...

அதையும் அடித்துவிட்டுப் பழையதற்கே வந்தேன். இராக்கம்மாவைக் கெட்டவளாக்கினால் எனக்கு மனசு ஆறும். எவ்வளவோ முயன்றேன், ஆகமாட்டேன் என்கிறாள். சாயந்தரமே சீட்டோடு ரெங்கம்மாவின் வாசலுக்கு வந்துவிட்டாள்.

“அக்கா, நீங்க வச்சுக்கங்க.”

ரெங்கம்மா கையை நீட்டிவிட்டாள். அப்புறம் குழந்தையைப் பார்த்து

(இந்த வாக்கியம் நகரவில்லை.)

5

ஐந்தில் இரண்டைப் பத்து விதமாகத் தெரிவு செய்யலாம். பத்து முடிவையும் எழுதிப் பார்த்துவிட்டேன். எதை எடுத்தாலும் மூன்று குடும்பம் லயத்திலேயே கிடக்கிறது. எனக்கு வெறுத்துவிட்டது.

ரெங்கம்மா, இராக்கம்மா, வடிவம்மா, கந்தப்பன், தங்கராஜா. இரண்டு பெயரை நீங்களே எடுங்கள். பிறகு மற்ற மூன்று வாசலுக்கும் போய், “இன்னிக்கும் இங்கயே படுத்துக்கங்க” என்று நீங்களே சொல்லிவிட்டு வாருங்கள். என்னால் ஆகாது.