வேதனையில் சொன்ன பெயர்

சொல்லட்டும். முழுவதும் சொல்லித் தொலைக்கட்டும். நான் இப்போது வாயைத் திறந்தால், இந்தக் கொப்பரையில் கொதிப்பதை எடுத்து அவர் காலில் ஊற்றியது போலத்தான் வார்த்தை விழும்.

கெசையா மனதுக்குள் இப்படிச் சொல்லிக்கொண்டு சவுக்காரத்தைக் கிளறினாள். குளிர்காலம் முழுக்கச் சேர்த்த கொழுப்பும் அடுப்புச் சாம்பலில் வடித்த காரநீரும் கொப்பரையில் குழைந்துகொண்டிருந்தன. ஒரே பக்கமாகத்தான் கிளற வேண்டும். திருப்பிக் கிளறினால் இறுகாது என்பார்கள் அந்த ஊர்ப் பெண்கள். புகை படாத பக்கமாக நின்று சபைப் பெரியவர் டீக்கன் லன்ட் பேசிக்கொண்டிருந்தார். கெசையாவின் கணவன் ஜேபெஸ், பீப்பாய்ப் பட்டறை வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினான்.

ஆங்கிலேய ராஜாவின் படை பாஸ்டனை விட்டுக் கப்பலேறி ஒரு மாதம் ஆகியிருந்தது. இனி சண்டை நியூயார்க் பக்கம் என்று பேச்சு. ஊரிலிருந்து ஒரு படை கிளம்ப வேண்டும். அதற்கு ஆட்களே கைதூக்கித் தேர்ந்தெடுத்த கேப்டன், டீக்கனின் மகன் நேதன். அவனை நாளை நீதிபதி முன்னால் நிறுத்திவிட்டால் யார் பின்னால் யார் நடப்பது என்று டீக்கன் கேட்டார். அவர் வீட்டு வேலைக்காரியாக இருந்த டார்கஸின் பெயரை மட்டும் அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அந்தப் பெண் என்றார். பிறகு, அது என்றார்.

அது உள்ளேதான் படுத்திருந்தது, சன்னலுக்கு அந்தப் பக்கம், ஒரு வாரக் குழந்தையோடு. வயிறு தெரிந்ததும் டீக்கன் வீட்டில் மூட்டையைக் கட்டிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிறந்த ஊரில் அவளுக்கு யாரும் இல்லை. கெசையாதான் உள்ளே அழைத்தாள்.

பிரசவம் பார்த்ததும் அவள்தான்; ஊருக்கு மருத்துவச்சி அவள். கல்யாணமாகாத பெண் என்றால் மருத்துவச்சி கேட்டாக வேண்டும். சும்மா கேட்டால் போதாது. வேதனை உச்சிக்கு ஏறும்போது, உதவும் கையை விலக்கிக்கொண்டு, தகப்பன் யார் என்று கேட்க வேண்டும். அந்த நேரத்தில் செத்துப்போகும் பயத்தில் எவளும் பொய் சொல்லமாட்டாள் என்பது சட்டத்தின் கணக்கு. அப்படிச் சொன்ன பெயரை மருத்துவச்சி நீதிபதி முன்னால் சத்தியம் செய்து சொன்னால் அது நிற்கும். அந்த ஆள் பிள்ளைக்குச் சோறு போட்டாக வேண்டும்.

கெசையா கேட்டாள். டார்கஸ் இரண்டு முறை பல்லைக் கடித்துக்கொண்டாள். மூன்றாம் முறை சொன்னாள், சன்னல் அதிர.

"நேதன் லன்ட். கேட்டுட்டீங்கல்ல? இப்பக் கையக் குடுங்க."

இதைக் கேட்க அறையில் இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இருவருக்கும் இப்போது காது அடைத்துவிட்டதாம். காற்று பலமாக வீசியதாம். மிச்சம் இருந்தது கெசையாவின் காது ஒன்றுதான்; அதற்குத்தான் டீக்கன் சர்க்கரைக் கட்டியும் கையுமாக வந்திருந்தார்.

"பேரு ஒண்ணு சொன்னா, வாஸ்தவம்," என்றார் டீக்கன். "எஸ்ரா பைக்குன்னு சொன்னதா இருக்கட்டுமே. பாவம், நம்ம படைக்குப் போனவன், கேம்பிரிட்ஜ் பாசறையில காய்ச்சல்ல போய்ட்டான். அவனுக்குப் பெண்டாட்டியா, பிள்ளையா? செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போறான்?"

"மறுக்கமாட்டான்," என்றாள் கெசையா. "சோறும் போடமாட்டான் டீக்கனய்யா."

ஜேபெஸ் தொண்டையைச் செருமினான். டீக்கன் சிரிக்க முயன்றார். பிள்ளையை ஊர் பார்த்துக்கொள்ளும் என்றார். எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்று கெசையாவுக்குத் தெரியும். பால் மறந்ததும் எவனாவது குடியானவனிடம் இருபத்தொரு வயதுவரை வேலைக்கு எழுதிக் கொடுப்பார்கள். தாயை, இந்த ஊர்க்காரி இல்லை என்று காவலாளை விட்டு எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விடுவார்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இதே டீக்கன் சபைக்கூட வாசலில் நின்று, நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் நம் தலையில் வரி வைக்க எந்த ராஜாவுக்கும் உரிமை இல்லை என்று முழங்கினார். கெசையாவும் தலையாட்டினாள். உண்மையாகவே உடம்பு சிலிர்த்தது. இப்போது அந்தச் சிலிர்ப்பே அருவருப்பாக இருந்தது. டார்கஸ் மாதிரி ஒருத்தியின் சொல்லை நம்புவதற்குச் சட்டம் ஒரே ஒரு நேரத்தைத்தான் ஒதுக்கியிருக்கிறது. அவள் உடம்பு கிழியும் நேரம். அப்போதும் கையை விலக்கித்தான் அதை வாங்க வேண்டும். வாங்கியவள் நான். அவ்வளவு விலை கொடுத்து அவள் சொன்ன ஒற்றைச் சொல்லையும் எடுத்துக் குப்பையில் போடு என்கிறார்கள். அதையும் என் கையாலேயே.

துடுப்பு கொப்பரையின் விளிம்பில் இடித்தது. காரநீர் ஒரு சொட்டு மணிக்கட்டில் தெறித்தது. அவள் துடைக்கவில்லை.

டீக்கன் குரலைத் தாழ்த்தினார். ஊஸ்டரிலிருந்து ஒரு வைத்தியர் இங்கே குடிவரப் பார்க்கிறாராம். படித்தவராம், பிரசவத்துக்கென்றே இரும்புக் கருவிகள் வைத்திருக்கிறாராம். ஊர்ப் பெண்களை அவரிடம் போகச் சொல்வதா வேண்டாமா என்று ஊர்க் கமிட்டியில் இன்னும் முடிவாகவில்லையாம். சொல்லிவிட்டு, சர்க்கரைக் கட்டியை விறகுக் குவியல் மேல் வைத்தார்.

"மிரட்டலா?" என்றாள் கெசையா.

"ஐயையோ, என்னம்மா பேச்சு இது. சேதி சொன்னேன்."

சன்னலுக்கு உள்ளே குழந்தை அழத் தொடங்கியது. டார்கஸ் அதைச் சமாதானப்படுத்தும் சத்தம் கேட்கவில்லை. அவள் காதை இங்கே வைத்திருக்கிறாள் என்று கெசையாவுக்குப் புரிந்தது.

ஜேபெஸ் பட்டறை வாசலை விட்டு அருகில் வந்தான். கெட்டவன் இல்லை அவன். பனி கொட்டும் இரவுகளில் அவளுக்காக லாந்தர் பிடித்துக்கொண்டு எத்தனையோ வீடுகளுக்கு நடந்தவன். அதனால்தான் அவன் குரல் டீக்கனின் குரலைவிட ஆழமாக அறுத்தது.

"கெசையா, பொய்ச் சத்தியம் பண்ணுன்னு நான் சொல்லல. வேதத்துமேல கை வைக்கவே வேணாம். நாளைக்கு ஒரு நாள் வீட்லயே கெட. காய்ச்சல்னு நான் போய்ச் சொல்லிக்கிறேன். நீ எதுவும் சொல்லல, எதுவும் மாத்தல. உனக்கும் பாவம் இல்ல, நமக்கும் பொழப்பு போகாது. இவ்வளவுதான கேக்கறோம்?"

டீக்கன் அவசரமாக ஆமோதித்தார். காய்ச்சல் யாருக்குத்தான் வராது, இந்தப் பருவத்தில் அது பொல்லாதது என்றார். அவர் முகத்தில் வேலை முடிந்துவிட்ட களை வந்தது. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

கெசையா கணவனைப் பார்த்தாள். அவள் கோபம் கொஞ்சமும் ஆறவில்லை. குரல் மட்டும் தணிந்திருந்தது.

"எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு," என்றாள்.