திட்டு வாங்கக் கொடுத்துவைத்தவள்

செவ்வாய்க்கிழமை காலை யெசேனியா தன் ஆய்வைப் பேசி முடித்தாள். பஸ் கட்டணம் குறைந்தால் ஜனங்கள் தூரத்து வேலைக்குப் போகிறார்களா என்பது விஷயம். இருபது நிமிடத்தில் ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை, ஓர் எண்கூடப் பிசகவில்லை. முன்வரிசையில் இருந்த பேராசிரியை டாக்டர் ஆஷ்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "நல்லா இருந்தது யெசேனியா. ரொம்பத் தெளிவு. நன்றி" என்றார். கூடப் படிக்கிற மற்ற பதினோரு பேரும் கைதட்டினார்கள்.

யெசேனியாவுக்கு முகம் செத்துப்போயிற்று.

அவள் ஒன்றும் தெரியாதவள் இல்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸில் பிறந்து, அங்கேயே ஒரு பேராசிரியரிடம் இரண்டு வருடம் உதவியாளராக இருந்து, கருத்தரங்குகளின் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஓசிக் காபி குடித்தவள். இந்தப் பொருளாதாரக்காரர்களின் குணம் அவளுக்கு அத்துப்படி. வேறு துறையில் ஒருவர் பேசினால் கடைசிவரை கேட்பார்கள். இவர்கள் இரண்டாவது வாக்கியத்திலேயே குறுக்கே விழுவார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார்கள். அப்படிக் கேட்டால் ஆளிடம் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றும் கேட்காமல் நன்றி சொன்னால், போய் வா மகளே என்று அர்த்தம்.

அடுத்துப் பேச எழுந்தவள் லட்ரீஸ். யெசேனியாவின் அறைத்தோழி. மிசிசிப்பி டெல்டாவில் ஏதோ ஒரு சின்ன ஊர். அவள் அம்மா கெளுத்தி மீன் ஆலையில் மீனுக்குத் தோலுரித்தவள். அந்த ஆலைகள் மூடிய பிறகு அந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றார்களா, இல்லை கூடுதலாகப் படித்தார்களா என்பதுதான் அவள் ஆய்வு. ஸ்லைடுகளில் எழுத்து ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம். படிக்கவே கண் வலிக்கும்.

இரண்டாவது ஸ்லைடிலேயே ஆஷ்பி ஆரம்பித்தார்.

"நில்லு. ஆலை மூடினதாலதான் பசங்க நின்னாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்? அந்த ஊருங்க அதுக்கு முன்னாடியே காலியாகிட்டு இருந்துச்சே?"

"யெஸ் மேடம்" என்றாள் லட்ரீஸ்.

"யெஸ் மேடம்னா என்ன? ஆமாங்கறியா, இல்லைங்கறியா?"

"யெஸ் மேடம்."

யாரோ சிரித்தார்கள். ஆஷ்பி சிரிக்கவில்லை. நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஊரைவிட்டுப் போனவர்களைக் கணக்கில் சேர்த்தாயா? மூடாத ஆலை எதையாவது பக்கத்தில் வைத்துப் பார்த்தாயா? பெண்பிள்ளைகளுக்கு வேறு மாதிரி ஆகியிருந்தால்? இருபது நிமிடப் பேச்சு ஒரு மணி நேரத்துக்கும் மேல் இழுத்தது. லட்ரீஸ் வளர்ந்த வீட்டில் பெரியவர்கள் பேசும்போது எதிர்த்து வாயைத் திறந்தால் பல் இருக்காது. அவள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் யெஸ் மேடம் போட்டாள்.

கடைசி வரிசையில் யெசேனியாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. இவளுக்கா? இந்த அலங்கோலமான ஸ்லைடுக்கா?

எரியாமல் என்ன செய்யும். பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் படிக்கப் போகிற கறுப்பர்களையும் லத்தீன்காரர்களையும் பூர்வகுடிகளையும் விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்காகத்தான் வருடாவருடம் கோடையில் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி எடுத்து, நாலு பக்கமும் சோளக்காடாக இருக்கிற இந்தப் பல்கலைக்கழகத்தில் எட்டு வாரம் வைத்துக் கணக்கும் ஆய்வும் சொல்லிக்கொடுத்தார்கள். சிபாரிசுக் கடிதம் பன்னிரண்டு பேருக்கும் கிடைக்கும். ஆனால் ஆஷ்பி, அவரும் ஒரு காலத்தில் தன் வகுப்பில் ஒரே கறுப்புப் பெண்ணாக உட்கார்ந்தவர், வருடத்துக்கு ஒரே ஒரு பிள்ளைக்காகத் தொலைபேசியை எடுப்பார். பெரிய பெரிய துறைகளின் தலைவர்களைக் கூப்பிட்டு, "இந்தப் பிள்ளையை விட்டுடாதீங்க" என்பார். அந்த ஒரு பிள்ளை தான்தான் என்று யெசேனியா ஐந்து வாரமாக நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது ஆறாவது வாரம்.

சாயங்காலம் அறைக்குள் நுழைந்தபோது லட்ரீஸ் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"அந்தப் பொம்பளைக்கு என்னைக் கண்டாலே ஆகலடி. எல்லார் முன்னாடியும் தோலை உரிச்சுட்டாங்க. உன்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா? நீ படிச்சவ. நான் எதுக்குடி இங்க வந்தேன்?"

ஒரே ஒரு வாக்கியம் போதும். 'பைத்தியமே, அவங்க உன்னைத்தான் தூக்கிவிடப் போறாங்க.' அந்த வாக்கியம் யெசேனியாவின் தொண்டைவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"ஆமா" என்றாள். "பாக்கறவங்களுக்கே கஷ்டமாதான் இருந்துச்சு."

புதன்கிழமை ஆஷ்பி கட்டுரைகளைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். யெசேனியாவின் கட்டுரையில் முதல் பக்கத்தில் 'நன்றாக எழுதப்பட்டிருக்கிறது' என்று ஒரு வரி. அதற்குப் பிறகு பக்கங்கள் வெள்ளையாகவே இருந்தன. லட்ரீஸ் தன் கட்டுரையின் மேல் தாளில் சிவப்பைப் பார்த்ததோடு சரி. பிரிக்காமலே அறைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். யெசேனியா அதை வெளியே எடுத்தாள். பத்தொன்பது பக்கத்திலும் ஓரத்தில் இடமில்லாமல் பின்பக்கம்வரை கேள்விகள். கோபமாகச் சில, ஆசையாகச் சில. ஓரிடத்தில், 'உன் அம்மாவின் ஆலை மூடிய வருடம் உன் வீட்டில் என்ன நடந்தது? அதை ஏன் மறைக்கிறாய்?' என்று இருந்தது. ஆஷ்பி ராத்தூக்கம் கெட்டு எழுதியிருக்க வேண்டும். தனக்காக ஒரு மனுஷி இப்படித் தூக்கம் கெடமாட்டாளா என்று யெசேனியாவுக்குக் கண் கலங்கியது. குழாய் நின்ற சத்தம் கேட்டதும் கட்டுரையைக் கூடையிலேயே திருப்பிப் போட்டாள். மேலே ஒரு சிப்ஸ் பொட்டலத்தையும் போட்டாள்.

மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் லட்ரீஸ் வறுத்த கோழிமேல் தன் பையிலிருந்த காரச் சாஸை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"எங்க ஊர் பேங்க்ல ஒரு வேலை இருக்கு. அம்மா சொல்லிக்கிட்டே இருக்கா. போயிடட்டுமா?"

"பேங்க் வேலைக்கு என்ன குறைச்சல்? அம்மா பக்கத்துல இருக்கலாம். தினம் தினம் இந்த அவமானம் தேவையா உனக்கு?"

சொன்ன குரல் அவ்வளவு இதமாக இருந்தது. லட்ரீஸ் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். ஊருக்குப் போகும் வழியில் இருக்கிற மெம்ஃபிஸுக்கு வியாழக்கிழமையே பஸ் டிக்கெட் எடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குப் பஸ். பெட்டி கனம் என்று யெசேனியாவே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு நிறுத்தம்வரை வந்தாள். இத்தனை நாளில் அவள் யாருக்கும் ஒரு தண்ணீர்ப் பாட்டில் தூக்கியது கிடையாது. நடை அவ்வளவு லேசாக இருந்தது. தொலைபேசியில் ஆஷ்பி யாரிடமோ தன் பெயரைச் சொல்வதுபோல ஒரு நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது.

நிறுத்தத்தில் இவர்களைத் தவிர ஆள் இல்லை. லட்ரீஸ் பையிலிருந்து பாதி காலியான சாஸ் பாட்டிலை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"வெச்சுக்கோ. இங்க சமைக்கறது எதுலயும் உப்பு உறைப்பு கிடையாது. ஆறு வாரத்துல எங்கிட்ட மனுஷியா நடந்துக்கிட்டவ நீ ஒருத்திதான்டி. உன்னை மறக்கமாட்டேன்."

இதை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். திட்டியிருந்தால் யெசேனியா சந்தோஷமாக வழியனுப்பிவிட்டுப் போயிருப்பாள். நன்றியை வாங்கிக்கொள்ள மட்டும் முடியவில்லை.

"லட்ரீஸ், உங்க சர்ச்ல பாதிரியார் பிரசங்கம் பண்ணும்போது எல்லாரும் சும்மாவா உக்காந்திருப்பீங்க?"

"சும்மாவா? சும்மா இருந்தா பிரசங்கம் செத்துப்போச்சுன்னு அர்த்தம். நடுவுலயே கத்துவோம். 'அப்படிச் சொல்லுங்க பாஸ்டர்', 'ஆமென்', இன்னும் என்னென்னவோ. இப்ப எதுக்கு இது?"

"இங்கயும் அதுதான். இவங்க நடுவுல கேக்கற கேள்விதான் இவங்களோட ஆமென். ஆஷ்பி உன்னை ஒரு மணி நேரம் கேட்டாங்க. என்னை ஒண்ணும் கேக்கல. செத்துப்போனது என் பிரசங்கம்டி. உனக்காகத்தான் அவங்க போனை எடுக்கப் போறாங்க. நீ தூக்கிப்போட்ட பேப்பர்ல பத்தொன்பது பக்கமும் உனக்குத்தான் எழுதியிருக்காங்க."

லட்ரீஸ் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தாள். பஸ் திருப்பத்தில் தெரிந்தது.

"இது உனக்கு எப்ப தெரியும்?"

"செவ்வாக்கிழமையே."

பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் கதவைத் திறந்துவைத்து, "ஏறுறியாம்மா, இல்லையா?" என்றார். லட்ரீஸ் இல்லை என்று தலையாட்டினாள். பஸ் போனதும் பெட்டியைத் தான் ஒருத்தியாகவே தூக்கிக்கொண்டாள். யெசேனியா பிடிக்கப் போனதற்கு, "தொடாத" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைதான். அதற்கப்புறம் ஒரே அறையில் கிட்டத்தட்ட இரண்டு வாரம், இரண்டு கட்டிலுக்கும் நடுவில் பேச்சே இல்லை.

கட்டுரையைக் கூடையிலிருந்து எடுத்துத் துடைத்து, லட்ரீஸ் ராப்பகலாக உட்கார்ந்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி பேச எழுந்தாள். ஆஷ்பி குறுக்கே விழுந்தபோது அவள் தலையை நிமிர்த்தி, "இல்ல மேடம், அது தப்பு. ஏன்னு சொல்றேன்" என்றாள். ஆஷ்பியின் முகம் மலர்ந்ததை யெசேனியா பார்த்தாள். இருவரும் மாறிமாறிச் சண்டை போட்டார்கள். நேரம் முடிந்தும் தாழ்வாரத்தில் நின்று போட்டார்கள். யெசேனியாவுக்குப் பழைய எரிச்சலே திரும்ப எரிந்தது, கொஞ்சமும் குறையவில்லை. நல்லது செய்தால் மனசு குளிரும் என்று சொல்கிறவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

எட்டாவது வாரம், கடைசி நாளுக்கு முந்தின நாள், ஆஷ்பி யெசேனியாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காரு. லட்ரீஸ் பஸ் ஏற இருந்தாளாமே, நீதான் நிறுத்தினியாம். அவதான் சொன்னா. உன் கடிதத்துல அதை எழுதப் போறேன். கூடப் படிக்கறவங்க மேல இவ்வளவு அக்கறை எல்லாருக்கும் வராதும்மா."

லட்ரீஸ் பாதியைச் சொல்லியிருக்கிறாள். யெசேனியா வாயை மூடிக்கொண்டிருந்த மூன்று நாளை விட்டுவிட்டாள். காட்டிக்கொடுக்காமல் விட்டிருக்கிறாள் பாவி. கடிதத்தில் 'அக்கறையுள்ளவள்' என்று எழுதினால் சேர்க்கைக் குழுவில் என்ன நினைப்பார்கள் என்பது யெசேனியாவுக்குத் தெரியும். அறிவைப் பற்றி எழுத ஒன்றும் இல்லாதவளுக்குத்தான் குணத்தைப் பற்றி எழுதுவார்கள்.

"அதை எழுதாதீங்க மேடம். செவ்வாக்கிழமையே எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைவரைக்கும் வாயைத் திறக்கல. போகட்டும்னுதான் இருந்தேன். பேங்க் வேலை நல்லதுன்னு நானேதான் சொன்னேன். அவ போயிட்டா நீங்க எனக்காகப் பேசுவீங்கன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேட்கட்டும். ஏன் செய்தாய், எப்படி மனசு வந்தது, நீயும் ஒரு பெண்ணா, எதை வேண்டுமானாலும் கேட்கட்டும். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள்.

ஆஷ்பி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "நேர்மையா சொன்னதுக்கு நன்றி யெசேனியா" என்றார். எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

வெளியே பெஞ்சில் லட்ரீஸ் கட்டுரையை மடியில் வைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தாள். இவள் முகத்தைப் பார்த்ததும் அத்தனை நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"சொல்லிட்டியா?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கல" என்றாள் யெசேனியா. "அதுக்குக்கூட ஒரு கேள்வி கேக்கலடி."

"லட்ரீஸ், வா" என்று உள்ளேயிருந்து ஆஷ்பியின் குரல் கேட்டது.

"ஒரு அஞ்சு நிமிஷம் மேடம்" என்றாள் லட்ரீஸ். பெரியவர்களைக் காக்கவைப்பது அவள் பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவையாக இருக்கும். கட்டுரையைப் பக்கத்தில் வைத்துவிட்டு யெசேனியாவை இழுத்து உட்காரவைத்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை, மன்னிப்பும் இல்லை.

"அவங்க கேக்கலன்னா நான் கேக்கறேன். புதன்கிழமை எதிர்ல உக்காந்து பேங்க் வேலைக்குப் போன்னு சொன்னியே, நான் உன் கையைப் பிடிச்சேனே, அப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு" என்றாள் யெசேனியா.

"எவ்வளவு நேரம் நல்லா இருந்துச்சு?"

"நீ பாட்டிலைக் கையில குடுக்கற வரைக்கும்."

"இப்ப?"

"இப்பவும் உன்னைப் பாத்தா வயிறு எரியுது."

"அது தெரியும். எதுக்குன்னுதான் கேக்கறேன். நிறுத்தாத, சொல்லு."

யெசேனியா அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவிலேயே பதில் சொல்லவும் ஆரம்பித்தாள். ஒரு வாக்கியம் முடிவதற்குள் லட்ரீஸ் குறுக்கே அடுத்த கேள்வியைக் கேட்டாள்.