குளோரியிடம் நாலு, ரெஜினிடம் ஆறு

குளோரிக்கு ஆறு மாதம்கூட நிறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தபோது பனிக்குடம் உடைந்துவிட்டது. குளச்சலில் பார்த்த டாக்டர், இங்கே வைத்துப் பார்க்க முடியாது என்று நாகர்கோவிலுக்கு அனுப்பினார். கணவன் ரெஜினும் குளோரியின் அக்கா ஜெஸ்பினும் ஆம்புலன்சில் கூடவே வந்தார்கள். ரெஜினுக்குப் படகு எஞ்சின் பழுதுபார்க்கிற வேலை. கல்யாணமாகி ஐந்து வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை அது.

பிரசவ வார்டுக்குள் ஆண்களை விடமாட்டார்கள். ரெஜின் வெளியே நின்றான். ஜெஸ்பின்தான் உள்ளேயும் வெளியேயுமாக நடந்துகொண்டிருந்தாள்.

உள்ளே, குழந்தைகள் டாக்டர் அஸ்வதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குளோரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கோ நாளைக்கோ பிறந்திடும். ரொம்பச் சின்னப் பிள்ளை. ஆனா இங்க இப்படிப் பிறக்கிற பத்துப் பிள்ளைங்கள்ல நாலு பிழைச்சு வீட்டுக்குப் போகுது. மனசை விட்டுடாதீங்க."

குளோரிக்கு அந்த நாலு பிள்ளைகளும் கண்ணில் தெரிந்தார்கள். துணியில் சுற்றி, தாய்மார் கையில், ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ ஏறுகிறவர்கள். அதில் ஒன்று அவளுடையது.

கொஞ்ச நேரம் கழித்து அதே டாக்டர் வெளியே வந்து ரெஜினைக் கூப்பிட்டார். நின்றபடியே பேசினார்.

"இவ்வளவு முன்னாடி பிறக்கிற பத்துப் பிள்ளைங்கள்ல ஆறு இறந்து போயிடும். பிழைச்சாலும் கண்ணு, மூளை, கைகால்னு பாதிப்பு வரலாம். பிறந்ததும் மூச்சுக்குழாய் போட்டு எல்லா சிகிச்சையும் பார்க்கலாம். இல்லைன்னா அதெல்லாம் செய்யாம, வலி தெரியாம, அம்மா நெஞ்சில வச்சுக்கலாம். ரெண்டும் தப்பில்லை. வீட்டுல பேசிச் சொல்லுங்க."

ரெஜின் சுவரில் சாய்ந்துகொண்டான். ஆறு என்ற எண்ணுக்கு அப்பால் அவனுக்கு எதுவும் ஓடவில்லை. ஜெஸ்பின் வந்ததும் சொன்னான்.

"வேண்டாம்க்கா. ஊசியும் குழாயுமாப் போட்டு அந்தப் பிள்ளைய என்னத்துக்கு வதைக்கணும்? குளோரிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லுங்க."

ஜெஸ்பின் போய்ச் சொன்னாள். குளோரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவியளுக்கு எனக்க பிள்ள வேண்டாமா? நாலு பிள்ள பிழைக்கும்னு டாக்டர் எங்கிட்ட சொன்னாவளே. இனி எனக்கு அவியளப் பாக்காண்டாம்."

"அவன்ட்ட ஆறு பிள்ள செத்துப்போவும்னு சொல்லியிருக்காவ மக்கா."

"அது வேற டாக்டரா இருக்கும்."

ஜெஸ்பினும் அப்படித்தான் நினைத்தாள். நர்சிடம் விசாரித்தாள். இன்றைக்கு இருப்பது ஒரே டாக்டர்தான் என்று நர்ஸ் சொன்னாள். ஜெஸ்பின் வராந்தாவில் நின்று மெதுவாக யோசித்துப் பார்த்தாள். பிறகு நேராக டாக்டரின் அறைக்குப் போனாள்.

"டாக்டரம்மா, நாலு பிழைக்கும்னு சொன்னதும் ஆறு போவும்னு சொன்னதும் ஒரே கணக்குதானே? பின்ன எதுக்கு ரெண்டு பேருட்டயும் ரெண்டு விதமாச் சொன்னிய? அவிய இப்பம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க மாட்டேங்காவ."

அஸ்வதி எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"உள்ள படுத்திருக்கிறவங்களுக்குத் தைரியம் வேணும்னு அப்படிச் சொன்னேன். வெளிய நிக்கிறவங்க, எங்ககிட்ட சொல்லவே இல்லைன்னு நாளைக்குச் சண்டைக்கு வரக்கூடாதுன்னு இப்படிச் சொன்னேன். பழகிப்போச்சு." ஜெஸ்பினை நிமிர்ந்து பார்த்தார். "பொய் எதுவும் சொல்லலை. ஆனா முடிவு எடுக்க வேண்டியவங்களை நானே ஆளுக்கொரு பக்கம் தள்ளிட்டேன். அவரைக் கூட்டிட்டு வாங்க."

கட்டிலைச் சுற்றித் திரை இழுக்கப்பட்டது. ரெஜின் தலையைக் குனிந்தபடி உள்ளே வந்து நின்றான். அஸ்வதி அவனுக்கும் ஒரு ஸ்டூல் போடச் சொல்லிவிட்டு, இருவருக்குமாகச் சொன்னார்.

"பத்துப் பிள்ளைங்கள்ல ஆறு இறந்து போகும், நாலு பிழைக்கும். பிழைக்கிற நாலுல ஒண்ணுக்குப் பெரிய பாதிப்பு இருக்கும். நடக்கிறதுக்கோ பார்க்கிறதுக்கோ ஆயுசு பூரா உதவி வேணும். மத்த மூணு கண்ணாடி போடலாம், நடக்கப் பிந்தலாம், ஆனா பள்ளிக்கூடம் போகும். போகிற ஆறுல சிலது முதல் நாளே போகும். சிலது சில வாரம் குழாயோட இருந்துட்டுப் போகும். உங்க பிள்ளை இதுல எதுன்னு எனக்குத் தெரியாது."

பிறகு நடந்ததை ஜெஸ்பின் எதிர்பார்க்கவில்லை.

"ஓடியாடி நடக்கிற பிள்ளையளும் உண்டா?" என்று ரெஜின் கேட்டான். அதை அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. "அப்பம் பாத்துரலாமே."

வேண்டாம் என்று குளோரி தலையை ஆட்டினாள். "சில வாரம் குழாயோட கெடக்கும்னு எங்கிட்ட சொல்லலியே. எனக்க கைக்கு வராமலே போச்சுன்னா?"

இருவரும் இடம் மாறியிருந்தார்கள். ஆனால் இந்த முறை ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்டது. அஸ்வதி எழுந்து வெளியே போனார். ஜெஸ்பினும் போனாள்.

ரெஜின் ஸ்டூலைக் கட்டில் பக்கமாக இழுத்துப் போட்டான்.

"ஒனக்கு எது பயம்?"

"அது தனியாக் கெடந்து சாவதுதான். ஒங்களுக்கு?"

"நோவோட கெடந்துட்டு, அப்புறமும் போயிட்டா... நாமதான் செஞ்சோம்னு ஆவும்."

டாக்டர் திரும்பி வந்தபோது அவர்களிடம் ஒரு முடிவு இருந்தது. முதலில் எல்லாம் செய்ய வேண்டும். தலைக்குள் பெரிய ரத்தக்கசிவு மாதிரி ஏதாவது வந்து, இனிப் பயனில்லை என்றானால் குழாயை எடுத்துவிட்டுக் குளோரியிடம் கொடுத்துவிட வேண்டும். எது வந்தாலும் இருவரிடமும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

"நடுவுல மாத்தணும்னு தோணினா மாத்தலாம்," என்றார் அஸ்வதி.

மறுநாள் மதியம் யோவான் பிறந்தான். அவன் பாதம் ரெஜினின் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. மூன்றாம் வாரம் தலையில் ரத்தக்கசிவு வந்தது. டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை. இருவரும் ஒரு பகல் முழுக்கப் பேசி, தொடரலாம் என்றார்கள். மழைக்காலம் முடிகிறபோது அவனை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இப்போது யோவானுக்கு மூன்று வயது. தடித்த கண்ணாடி போட்டிருக்கிறான். இடது கால் பிடிவாதமாக மடங்கிக்கொள்கிறது. சுவரைப் பிடித்தால் நிற்பான், விட்டால் விழுவான். நடப்பானா என்று கேட்டால், பயிற்சி கொடுக்கிறவர் இன்னும் பார்க்க வேண்டும் என்கிறார். அப்பாவின் பைக் சத்தம் தெருவில் கேட்டால் சிரிப்பான்.

ஒருநாள் பயிற்சிக்குப் போய்வந்த களைப்பில் குளோரி, பிள்ளையின் காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி கேட்டாள்.

"அன்னைக்கு வேண்டாம்னு சொல்லியிருந்தா எங்ஙன இருந்திருப்போம்?"

ரெஜின் யோசித்தான்.

"தெரியல. ஆனா அதையும் ரெண்டுபேரும் சேந்துதான் சொல்லியிருப்போம்."

குளோரி மற்ற காலையும் நீட்டச் சொல்லி யோவானின் முழங்காலைத் தட்டினாள். அவன் நீட்டமாட்டேன் என்று உருண்டுபோனான். ரெஜின் எட்டிப் பிடித்துத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.