பன்னிரண்டு மாதச் சிரிப்பு

எங்கள் நாட்டில் எல்லார் வீட்டையும் போல எங்கள் வீட்டிலும், சொந்தபந்தங்களின் பிறந்தநாளைக் குறித்துவைக்கும் காலண்டர் கழிப்பறைக் கதவில்தான் தொங்கும். என் சிறுவயதில் அதில் பன்னிரண்டு மாதமும் கோபஸ்தான். கோட்டும் தொப்பியும் போட்ட சிம்பன்சி, ஈறு தெரிய ஒரே இளிப்பு. நான் பல்லைக் காட்டினால் அம்மா, "கோபஸ் மாதிரி இளிக்காதடி" என்பாள்.

இப்போது அதே கோபஸை, வேலை முடிந்த குரங்குகளுக்கான காப்பகத்தில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வந்த புதிதில் மூலையை விட்டு அசையமாட்டான். மற்ற சிம்பன்சிகளோடு சேர்ந்து உட்காரவே வருடங்கள் பிடித்தன.

அன்று அவனுடைய பிறந்தநாள். காலண்டருக்காக அவனைப் பழக்கிப் படமெடுத்த கெர்பிராண்ட், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி உருட்டிக்கொண்டு வந்தார். பிறந்தநாள்காரனின் வீட்டாரையும் வாழ்த்தும் எங்கள் நாட்டு வழக்கப்படி எனக்கும் கை கொடுத்தார்.

"உன் பையனுக்குப் பொறந்தநாள். வாழ்த்துகள்மா."

"உங்களுக்கும் வாழ்த்துகள்."

"எனக்கு டாக்டர் கைய விரிச்சுட்டார். போறதுக்குள்ள அவன் என்னை மறக்கலன்னு தெரிஞ்சா போதும்."

அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இருந்தது, மறைப்பானேன். ஆனாலும் சாகப்போகிறவரை வாசலோடு அனுப்ப மனம் வரவில்லை. கண்ணாடிச் சுவர்வரை கூட்டிப்போனேன்.

வைக்கோலில் படுத்திருந்த கோபஸ் தலையைத் தூக்கினான். அவரைப் பார்த்தவுடன் ஈறு வரை பல்லைக் காட்டினான். அதே காலண்டர் முகம்.

"பாத்தியாம்மா! திருட்டுப் பயலே, மறக்கலடா நீ!" கெர்பிராண்ட் அழுதுகொண்டே சிரித்தார், கண்ணாடியைத் தட்டினார். "ஒரு போட்டோ எடும்மா. கடைசி நேரத்துல பக்கத்துல வெச்சுக்கிறேன்."

கோபஸ் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டான். காலடியில் மூத்திரம் ஓடியது. பேசாமல் படம் எடுத்துக் கொடுத்திருந்தால் அவர் நிம்மதியாகப் போயிருப்பார். ஆனால் மறுபடி தட்டக் கையை ஓங்கினார்.

"தட்டாதீங்க. அவன் சிரிக்கல."

"பின்ன?"

"பயந்தா இவங்க இப்படித்தான் பல்லைக் காட்டுவாங்க."

ஓங்கிய கை மெல்ல மடியில் இறங்கியது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைய ஓங்கினா சிரிப்பான். வெளையாட்டுன்னுதான் நெனச்சேன். அப்போ... பன்னெண்டு மாசமுமா?"

"ஆமா."

சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. சக்கரத்தைப் பிடித்து நாற்காலியைத் திருப்பி, கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அவர் கழுத்து விறைத்துப்போய் இருந்தது, நெடுநேரம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"இப்போ?" என்றார்.

கோபஸின் உதடுகள் மெல்லச் சேர்ந்தன.

"மூடிட்டான்."

"அப்ப சரி. வாசல் வரைக்கும் தள்ளிவிடும்மா. திரும்பாமலே போயிடுறேன்."